இருபது கிணற்றுப் பொட்டு

நவம்பர் 5, செவ்வாய்

ஆய்வு வழிகாட்டி ரஹ்மத் மேடம் இன்று தடிமனான கள ஏடு ஒன்றைக் கொடுத்து, "இதுல அளவு மட்டும்தான் இருக்கணும் ஏஞ்சலின். உன் அபிப்பிராயம் ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார். ஆகவே அபிப்பிராயங்களுக்காக இந்த நோட்டை வாங்கியிருக்கிறேன்.

முதல் அபிப்பிராயம்: இந்தப் பல்கலைக்கழகம் தேவைக்கு மேல் பெரியது. விடுதியிலிருந்து துறைக்கு நடப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடுகிறது. ஒரு கையெழுத்துக்கு மூன்று கட்டடம் ஏறி இறங்க வேண்டும். சென்னையில், புளியந்தோப்பில் எங்கள் தெருவே நான் இங்கே புலி பிடிக்கப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இயற்கை வளப் பாதுகாப்பு, எம்.எஸ்சி., இரண்டாம் வருடம் என்று சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. அம்மாவும் திருத்துவதில்லை. புலி என்றால் ஒரு மரியாதை இருக்கிறதாம்.

நான் பிடிக்கப்போவது கிணற்றுத் தண்ணீரை. கொன்னையேந்தல் என்று ஓர் ஊர். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே பெரிய கண்மாய். போன கோடையில் அதன் கிழக்குப் பாதியில் மட்டும் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மண்ணை அள்ளி ஆழப்படுத்தினார்கள். மேற்குப் பாதி இன்னும் முள்காடுதான். கிழக்கே பத்துக் கிணறு, மேற்கே பத்துக் கிணறு. புதன்கிழமைதோறும் இருபதிலும் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஏப்ரல் வரை இருபத்துமூன்று புதன்கள். அளந்தால் கண்மாயைத் தூர்வாரியதில் கிணறுகளுக்கு லாபம் உண்டா என்று தெரியும். ஜூனில் ஆய்வேடு, அப்புறம் பட்டம்.

நவம்பர் 6, புதன்

முதல் நாள். ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலும் சிவப்பு எனாமல் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தேன். அந்தப் பொட்டில் டேப்பைப் பிடித்துக் கீழே விட்டால், நுனி தண்ணீரைத் தொட்டதும் கீ என்று கத்தும். அப்போது டேப்பில் என்ன எண்ணோ அதுதான் அளவு. எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள்.

மூன்றாம் எண் கிணற்றுக்காரர் பஞ்சவர்ணம் என்ற அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் ஊர் எல்லை வரை கேட்கும். "என்னத்தா, எங்க கெணத்துக்குப் பொட்டு வச்சு சடங்கு சுத்துறியா?" என்றார். எதற்காக என்று விளக்கலாம்தான். பதினேழு கிணறு பாக்கி இருந்தது, வெயில் வேறு. "அடையாளத்துக்குக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

நவம்பர் 13, புதன்

20 கிணறு. கால் என்னுடையதாகவே இல்லை.

நவம்பர் 27, புதன்

அடைமழை. கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து உருண்டேன். டேப் தப்பியது, நான் முழுக்கச் சேறு. யாரோ ஒருவர் தூக்கி விட்டார். ஊரே பார்த்துச் சிரித்தது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

சுடலைமுத்து என் வகுப்புக்காரன், திருநெல்வேலிப் பக்கம். அவன் ஆய்வு மண்ணைப் பற்றியது. மெஸ்ஸில் எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தான். அவனைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11, புதன்

பதினேழாம் எண் கிணற்றுக்காரர் சேவுகன் ஒரு நாய் வளர்க்கிறார். அதற்குப் பேர் கிடையாது. என்னைக் கண்டால் மட்டும் அதற்கு ரோஷம் வந்துவிடுகிறது. இன்று பிஸ்கட் லஞ்சம் கொடுத்து அளந்தேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். அம்மா காலை ஐந்து மணிக்கே போனில் அழுதாள். "இன்னாடி கெணறு? கெணறு எங்கியாவது ஓடிப்பூடுமா? நாளைக்கு அளந்தா ஆவாதா?" ஆகாது என்று சொன்னேன். ஒரே கிழமையில் எடுத்தால்தான் அளவுக்கு மதிப்பு என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

போனேன். இருபதையும் அளந்தேன். எப்படித் தெரிந்ததோ, பஞ்சவர்ணம் அக்கா கேசரி கிண்டி வைத்திருந்தார். "ஒங்க பண்டிகைல்லத்தா இன்னைக்கு, வெறும் வாயோடயா போவ?" கிணற்றடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு என் மேலேயே ரொம்பப் பெருமையாக இருந்தது. அதை எழுதிவைப்பதில் தப்பில்லை.

ஜனவரி 8, புதன்

மூன்றாம் கிணறு 412 சென்டிமீட்டர். மழை நின்று மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் மெல்ல இறங்குகிறது.

ஊரில் பொங்கல் வேலை தொடங்கிவிட்டது. சுண்ணாம்புக் கற்களை ஊறப்போட்டிருக்கிறார்கள். விடுதி பதினொன்றாம் தேதி மூடுகிறது, மெஸ்ஸும் கிடையாது. அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

வீடு. தெருவில் தண்ணி லாரி. அம்மா மீன் குழம்பு வைத்தாள். நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்

காலை ரயிலில் இறங்கி, பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஊருக்குப் போனேன். கண்ணெல்லாம் எரிச்சல்.

கிணறுகளை அடையாளமே தெரியவில்லை! இருபதுக்கும் வெள்ளையடித்து, காவிப் பட்டை போட்டு, கல்யாண வீடு போல வைத்திருக்கிறார்கள். மேற்கில் என் பொட்டைச் சுற்றி விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள். கிழக்கில் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. ஆனால் பஞ்சவர்ணம் அக்கா பத்து வீட்டுக்கும் சொல்லி, புதுப் பொட்டு வைக்கச் செய்திருக்கிறார். உள்பக்கமாக, அழகாக, வட்டமாக. "ஒம் பொட்டு அழிஞ்சு போயிருச்சு, அதான் நாங்களே வச்சுட்டோம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு அன்பு! அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு நல்ல செய்தி. கிழக்கே எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. மூன்றாம் கிணறு 397. மேற்கில் வழக்கம்போல இறக்கம். தூர்வாரியது வேலை செய்கிறது!

கள ஏட்டில் 15ஆம் தேதி வரிசையையும் முடித்துவிட்டேன். ஏடு இப்போது ஓட்டை இல்லாமல் இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

தண்ணீர் ஒரு வாரத்தில் குதித்து விளையாடாது. முன் வாரம், பின் வாரம் தெரிந்தால் நடு வாரம் தெரிந்த மாதிரிதான். தவிர நான் கிறிஸ்துமஸ் அன்றுகூடப் போனவள். வேறு யார் போவார்கள்?

பிப்ரவரி 5, புதன்

20 கிணறு. நாய்க்குப் பிஸ்கட் இல்லை. ஓடினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

துறையில் கருத்தரங்கு. எனக்குப் பன்னிரண்டு நிமிடம். மேற்கை விடக் கிழக்குக் கிணறுகளில் இப்போது சராசரி முப்பத்தொரு சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதல் என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். மேடம் சிரித்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை பார்க்கிறேன், அவருக்குக் கன்னத்தில் குழி விழுகிறது.

பஞ்சவர்ணம் அக்காவிடம் போனில் சொன்னேன். முப்பத்தொன்று என்றால் எவ்வளவு என்று கேட்டார். ஒன்றரைச் சாண் என்றேன். பின்னால் இருந்த யாரிடமோ அப்போதே கத்திச் சொன்னார். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் மேற்குப் பாதியையும் தூர்வாரச் சொல்லித் தீர்மானம் போடப் போகிறார்களாம். என் கணக்கை அதில் எழுதுவார்களாம். புளியந்தோப்பில் புலி பிடித்தவளுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது.

மார்ச் 5, புதன்

மேடம் வரைபடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜனவரில என்ன ஆச்சு? பத்துக் கிணறும் ஒண்ணா ஏறியிருக்கு. மழை பெஞ்சுதா?"

மழைக் கணக்கைப் பார்த்தேன். ஜனவரியில் ஒரு தூறல்கூட இல்லை. "கண்மாய்த் தண்ணி மெல்ல ஊறி வந்திருக்கலாம் மேடம்" என்றேன்.

"மெல்ல ஊறினா மெல்லத்தானே ஏறணும்?" என்றார். கன்னத்தில் குழி இல்லை.

மார்ச் 12, புதன்

மூன்றாம் கிணற்றில் டேப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். கயிறு உரசி உரசிச் சுவர் மேலே சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். என் பொட்டு. நவம்பரில் நான் வைத்தது. சுவரின் உச்சியில்.

புதுப் பொட்டு அதிலிருந்து ஒரு சாண் கீழே, உள்பக்கம் இருக்கிறது.

தண்ணீர் ஏறவே இல்லை. பொட்டு இறங்கியிருக்கிறது. ஒரு சாண் கீழேயிருந்து அளந்தால் ஒரு சாண் குறைவாகத்தான் வரும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏழு வாரமாக நான் அதைப் பார்த்துக்கொண்டே அளந்திருக்கிறேன். டேப் பிடிக்க வசதியாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

"மேல வச்சா கொடம் வச்சு எடுக்கையில தேஞ்சு போயிருதுத்தா" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்த்துப் பயந்து. "அதான் ஒரு சாண் எறக்கி உள்ள வைங்கன்னு எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். தப்பாப் போச்சா?"

மார்ச் 13, வியாழன்

மேடத்திடம் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "பழைய பொட்டு சுண்ணாம்புக்கு அடியிலதானே இருக்கு? பத்தையும் கண்டுபிடி. ரெண்டு பொட்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு அள. அத ஒவ்வொரு கிணத்துக்கும் கூட்டிக்கோ. இது திருத்தக்கூடிய தப்பு" என்றார். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 19, புதன்

சுடலைமுத்துவும் வந்தான். தேங்காய் நார், தோசைத் திருப்பி, ஒரு வாளித் தண்ணீர். கிழக்குத் தெருப் பெண்கள் பத்துப் பேரும் அவரவர் கிணற்றைச் சுரண்ட வந்துவிட்டார்கள். பொங்கலுக்குப் பார்த்துப் பார்த்து அடித்த வெள்ளையை அவர்களே சுரண்டினார்கள்.

பஞ்சவர்ணம் அக்காவுக்கு மனசே சரியில்லை. "நல்லது செய்றதா நெனச்சு ஒம் படிப்பக் கெடுத்துட்டனே" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சுரண்டினார். "தப்பு உங்க மேல இல்லக்கா. பொட்டு எதுக்குன்னு அன்னிக்கே நான் ஒழுங்கா சொல்லியிருக்கணும். சோம்பேறித்தனம்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பத்துப் பொட்டும் கிடைத்தன. 21, 24, 23, 26... ஒவ்வொரு வீட்டு அம்மாவின் சாணும் ஓர் அளவு. ஆறாம் கிணற்றில் மூன்று பூச்சு அடித்திருந்தார்கள், சுடலைமுத்து ஒரு மணி நேரம் சுரண்டினான். தலையெல்லாம் வெள்ளை. கிழவன் போல இருந்தான். பார்க்க நன்றாக இருந்தது.

மார்ச் 22, சனி

எல்லாம் கூட்டி முடித்தேன். முப்பத்தொன்று இல்லை. எட்டு. வெறும் எட்டு சென்டிமீட்டர்.

குளியலறையில் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடிவிட்டு, மிச்சத்தைத் துண்டை வாயில் வைத்து அழுதேன்.

மார்ச் 24, திங்கள்

நூலகத்தில் சுடலைமுத்து திருத்திய வரைபடத்தைப் பார்த்தான். "மேக்கால பத்தும் சரியா இருக்கு. கிழக்காலயும் சரியாத்தான் இருக்கு. ஆனா ஜனவரி பதினஞ்சு மட்டும் பத்துலயும் துருத்திக்கிட்டு நிக்கே. அன்னைக்கு எந்தப் பொட்டுல வச்சு எடுத்த?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"பொங்கலுக்கு நீ மெட்ராஸ் போயிருந்தல்லா? முறுக்கு கொண்டாந்தியே" என்றான்.

நான் பேனாவைத் தேடினேன். அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

20 கிணறு. மழைக் கணக்கைத் திரும்பச் சரிபார்த்தேன்.

மார்ச் 29, சனி

முன்னுரை எழுதினேன். நான்கு பக்கம்.

ஏப்ரல் 2, புதன்

20 கிணறு. வெயில். சுடலைமுத்து பேசவில்லை. நானும்தான். அவனுக்கு ஏதாவது வேலை இருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.

மூன்றாம் கிணறு: எட்டாம் தேதி 412. இருபத்திரண்டாம் தேதி 397. இரண்டுக்கும் நடுவில் வருமாறு பதினைந்துக்கு 404 என்று போட்டேன். அந்த 397 புதுப் பொட்டிலிருந்து எடுத்தது. திருத்தினால் 420. பதினைந்தாம் தேதி 416 போல இருந்திருக்க வேண்டும். என் 404 பழைய பொட்டுக்கும் பொருந்தவில்லை, புதுப் பொட்டுக்கும் பொருந்தவில்லை. எந்தப் பொட்டிலிருந்தும் எடுக்கப்படவில்லை என்பதால்.

404ஐ 416 ஆக்கினால் போதும். பத்து எண்கள். நான்கு நிமிட வேலை. இன்று செய்தும் பார்த்தேன். கோடு அழகாக இறங்கியது, துருத்தல் போய்விட்டது. அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. மறுபடி 404 ஆக்கிவிட்டுக் கணினியை மூடினேன்.

ஏப்ரல் 9, புதன்

கடைசிப் புதன். 20 கிணறு. பஞ்சவர்ணம் அக்கா மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேற்குத் தெருவில் திரிந்துகொண்டிருந்தார். அவர் கிணறு கிழக்கே. தூர்வாரினால் லாபம் மேற்குக்காரர்களுக்குத்தான். கேட்டேன். "எங்க பக்கம் ஆயிருச்சு, அவுகளுக்கும் ஆகட்டும்த்தா" என்றார். பிறகு, "ஆபீஸ்ல யாராச்சும் கணக்க எடுத்து வச்சுக்கிட்டு இது எப்புடி, அது எப்புடின்னு கேட்டா நீ வந்து பதில் சொல்லுவேல்ல? ஏஞ்சலு அளந்தா சரியாத்தான் இருக்கும்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

முப்பத்தொன்று எட்டாகிவிட்டதைக்கூட அவரிடம் சொல்லாமல், வருவேன் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் கள ஏட்டைத் திறந்து ஜனவரி 15 வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். ஜனவரி பதினைந்து நான் போகவில்லை, அந்த இருபது எண்களும் என் கற்பனை என்று. நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டவில்லை. "பொட்டு மாறினது தப்பு. இது தப்பு இல்ல, பொய்" என்றார். "மத்த இருபத்திரண்டு வாரம்?"

"போனேன் மேடம். எல்லாத்துக்கும்."

"அத நான் எப்படி நம்புறது?"

தனியாகத்தான் போனேன், தனியாகத்தான் எழுதினேன். கிறிஸ்துமஸ் அன்று போனதுகூட இப்போது பொய் மாதிரி ஆகிவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

ஏப்ரல் 12, சனி

சுடலைமுத்துவிடமும் சொன்னேன். "தெரியும்" என்றான். "சொல்லிட்டல்லா, இனி சாப்பிடு" என்று தட்டைத் தள்ளினான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆய்வுக் குழு கூடியது. என்னை வெளியே உட்கார வைத்தார்கள். முடிவு: ஒரு வாரத்தைப் பொய்யாக எழுதியவரின் மற்ற வாரங்களை அப்படியே ஏற்க முடியாது. வெளியிலிருந்து நம்பகமான சாட்சி ஏதாவது இருந்தால் மேடம் விசாரித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் மொத்த அளவும் தள்ளுபடி, வேறு தலைப்பில் முதலிலிருந்து.

"கிராம சபை எப்போ?" என்று கேட்டார் மேடம். "ஒன்றரைச் சாண்னு ஊருக்குச் சொன்னது நீ. போய் நீயே திருத்தணும். நானும் வர்றேன்."

மே 1, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

சமுதாயக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மேடம் கடைசி வரிசையில், பெண்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். "தூர்வாரிய பகுதியில் ஒன்றரைச் சாண் அளவுக்கு நீர்மட்டம் கூடுதலாக உள்ளதாகப் பல்கலைக்கழக ஆய்வு..." நான் எழுந்துவிட்டேன்.

"அது தப்புங்க. ஒன்றரைச் சாண் இல்ல. நாலு விரல்தான்." பொட்டு மாறிய கதையைச் சொன்னேன். அக்கா பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சேவுகன் எழுந்தார். அவர் மேற்குக்காரர், அவருக்குத்தான் இந்தத் தீர்மானம் வேண்டும். "ஏம்மா, ஒன்றரைச் சாண்ங்குற, நாலு வெரல்ங்குற. நாலு வெரலுக்கு எவன் பொக்லைன் அனுப்புவான்?"

"நாலு வெரல்னா எத்தன கொடம்த்தா?" என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

போனில் போட்டுப் பார்த்தேன். அவர் கிணற்றின் அகலத்துக்கு எண்பத்தைந்து குடம்.

"சித்திர மாசத்துல எண்பத்தஞ்சு கொடம் ஒனக்கு யாருய்யா தருவா?" என்று சேவுகனைப் பார்த்துக் கேட்டார். சேவுகன் உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஒன்றரைச் சாணை அடித்துவிட்டு, நாலு விரல் என்று எழுதினார்.

நான் உட்காரவில்லை. "இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "ஜனவரி பதினஞ்சாம் தேதி கணக்கும் இதுல இருக்கு. அன்னிக்கு நான் வரவே இல்ல. ஊருக்குப் போயிட்டு, வந்து அளந்த மாதிரி எழுதிட்டேன். அது பொய்யி."

பஞ்சவர்ணம் அக்கா, கூடத்துக்கே கேட்கும் குரலில், "இதச் சொல்லவாத்தா இம்புட்டு நடுக்கம்? நீ வரலைன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். "கிறிஸ்துமஸுக்கே வந்த புள்ள மாட்டுப் பொங்கலுக்கு வராமயா இருக்கும்னு ஒரு தூக்கு நெறைய பொங்க எடுத்துக் கெணத்தடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பொழுது சாஞ்சதும் மாட்டுக்குத்தான் வச்சேன்."

"எங்க வீட்டுலயும் கரும்பு எடுத்து வச்சிருந்தோம்" என்றது மேற்குப் பக்கம் ஒரு குரல். "எங்க வீட்லயும்" என்றது இன்னொன்று. நான் மூன்று மாதம் பூட்டி வைத்திருந்த ரகசியம் இருபது வீட்டுக்கும் அன்று சாயங்காலமே தெரிந்திருக்கிறது.

அப்போது மேடம் எழுந்தார். "மத்த புதன்கிழமை எல்லாம் வந்துச்சாம்மா இந்தப் பொண்ணு?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மழையில் கரையிலிருந்து உருண்டதை ஒருவர் சொன்னார், தூக்கி விட்டவர் அவர்தானாம். தலைவலி என்று சுக்குக் காப்பி வாங்கிக் குடித்த புதனை ஓர் அம்மா சொன்னார். கேசரிக்கு நெய் கடன் வாங்கியதைப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "என் நாயக் கேளுங்க" என்றார் சேவுகன். "புதங்கெழமை ஆனா ரெண்டு மணிக்கே வாசல்ல போயி நிக்கும். அந்த ஒரு வாரந்தான் நின்னு நின்னு பாத்துட்டு வந்து படுத்துருச்சு." மேடம் பெயர்களைக் கேட்டுக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்று பக்கம். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் மேடம் சொன்னார்: "அந்த ஒரு வரிசைய காலியா விடு. ஏன் காலின்னு உன் கையால ஒரு பக்கம் எழுது. மத்தது நிக்கும்னு நான் குழுவுக்குச் சொல்றேன். ஆனா ஜூன்ல கிடையாது. வர்ற மழைக்காலமும் முழுசா அளந்துட்டு, ரெண்டு வருஷக் கணக்கா குடு." ஒரு வருடம் போய்விட்டது. அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. எந்தப் பக்கத்துக் கிணற்றிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வருவதற்குள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஜூன்ல பட்டம் இல்லம்மா. இன்னும் ஒரு வருசம் ஆவும்."

"ஐயோ, சர்ச்சுல எல்லார்ட்டயும் சொல்ட்டேனேடி! இன்னாடி ஆச்சு, ஃபெயிலா?"

"அப்பிடித்தாம்மா. ஆனா என்னை நம்புறாங்க."

"யாருடி?"

"ஊரு."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன், பிறகு, இல்லை, இன்னும் சாப்பிடவில்லை என்று சொன்னேன்.